அல்சூரில் வரைந்த மலைப்பாதை

பெங்களூரிலிருந்து இமயமலை வரை சொந்த வண்டியில் சென்று, கரடுமுரடான பாதைகளில் ஓட்டி, வழியில் கூடாரமடித்துத் தங்கித் திரும்பும் பயணங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கணவாய்களையும் ஏரிகளையுமே வருணிக்கின்றன. அப்பயணங்களுக்கு முன் நகரத்துக்குள்ளேயே கழியும் மாதங்களும், அம்மாதங்களில் எடுக்கப்படும் முடிவுகளும், குறிப்பாக எவற்றைச் செய்யாமல் விடுவது என்ற முடிவுகளும் அவற்றில் இடம்பெறுவது அரிது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு வழியாகச் சந்திரதால் ஏரிக்குச் சென்றுவந்த பெங்களூர்த் தமிழ் நண்பர் குழு ஒன்றின் திட்டமிடலை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளரும் அக்குழுவில் ஒருவராக இருந்து, மாலைநேரக் கூட்டங்களில் பேசப்பட்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை ஏற்றிருந்தார். இங்குச் சொல்லப்படுவனவற்றுக்கு அக்குறிப்பேடும் நினைவுமே ஆதாரம்.

ஸ்பிதி, இமயத்தின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த உயர்ந்த பாலைநிலம். பருவமழை மேகங்கள் தெற்கிலுள்ள மலைத்தொடர்களிலேயே பெரும்பகுதி கொட்டித் தீர்த்துவிடுவதால் அங்கு மரங்கள் குறைவு. மண்ணைப் பிடித்துநிற்கும் வேர்களும் குறைவு. ஆகவே சிறு மழைகூடச் சரிவுகளைக் கரைத்துப் பாதையில் தள்ளிவிடும். இப்பள்ளத்தாக்குக்குள் நுழைய இரு வழிகள் உண்டு. ஒன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டத்தின் வழியாகச் சட்லெஜ் ஆற்றங்கரையை ஒட்டி மெல்ல ஏறும் நீண்ட வழி. மற்றொன்று, மணாலியிலிருந்து மலையைக் கடந்து, கிராம்ஃபூ என்னுமிடத்தில் பிரிந்து, சந்திரா ஆற்றோரமாகப் பட்டால் வரை சென்று, குன்சும் கணவாயைத் தாண்டிக் காஸாவை அடையும் குறுகிய வழி. தேசிய நெடுஞ்சாலை 505 என்ற எண்ணை இவ்விரண்டாம் வழி பெற்றிருந்தாலும், கிராம்ஃபூவுக்கும் பட்டாலுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவைப் பாறைகளும் கூழாங்கற்களும் குறுக்கே ஓடும் நீரோடைகளும் நிறைந்த தடம் என்று சொல்வதே அன்றைய நிலைக்குப் பொருந்தும். நெடுஞ்சாலையில் அரைமணியில் கடக்கக்கூடிய அத்தொலைவுக்கு அங்கு நான்கைந்து மணிநேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

இத்தகைய பாதையைப் பற்றிக் கேட்டறிய, பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் கூடித் திட்டமிட்ட இக்குழுவினர் வெகுதூரம் போகத் தேவையிருக்கவில்லை. 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் இராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடம் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. அதில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் பலர் சுற்றுவட்டாரத் தெருக்களிலேயே குடியிருக்கின்றனர். பாலம் அமைப்பதும் பாதை வெட்டுவதும் வெடிவைத்துப் பாறை அகற்றுவதும் இப்பிரிவினரின் தொழில். 1960இல் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு இமயச் சாலைகளைப் பராமரித்துவருகிறது. அதன் பணியிடங்களிலும் இராணுவப் பொறியாளர்கள் அனுப்பப்பட்டுப் பணிபுரிவதுண்டு. குழுவினரில் ஒருவரின் பக்கத்து வீட்டில் அப்படி இமயத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். முதல் கூட்டத்தில் வண்டிகளின் திறனைப் பற்றிக் குழுவினர் நெடுநேரம் பேசியதைப் பொறுமையாகக் கேட்டிருந்த அவர், "தம்பி, வண்டி எதுவரைக்கும் ஏறும்னு அப்புறம் பாப்போம். எத்தனை மணிக்குத் திரும்பணும்னு முதல்ல எழுதுங்க" என்றார். "சரிங்க ஐயா" என்று சொல்லி எழுதப்பட்ட அவ்வரியே குறிப்பேட்டின் தொடக்கம். அதற்குப் பின் வந்த முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைத்தன.

முதலில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது திசை. மணாலி வழியே சென்றால் சந்திரதாலை விரைவில் அடைந்துவிடலாம் என்பதே குழுவில் பலரின் விருப்பம். ஆனால் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் காலையில் புறப்பட்டு, ஏரிக்கருகே 4,200 மீட்டர் உயரத்தில் அன்றிரவே உறங்குவது உடலுக்கு ஆபத்தானது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான் என்றாலும், உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. உடல் இதற்குப் பழகுவதற்குள் மேலே ஏறிவிட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றில் தொடங்கும் மலைநோய், நுரையீரலிலோ மூளையிலோ நீர்கோத்து உயிருக்கே தீங்காக முடியலாம். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்குமிடத்தின் உயரத்தை 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குவதும் மருத்துவர்கள் வகுத்த பொது நெறி. குழுவினர் அணுகிய மருத்துவர், அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையைத் தேவைப்படுவோர்க்கு எழுதிக்கொடுத்தாரே தவிர, அம்மாத்திரையை நம்பி ஏற்றத்தை விரைவுபடுத்தக்கூடாது என்று கண்டிப்பாகக் கூறினார்.

ஆகவே சிம்லா வழியே நுழைந்து மணாலி வழியே வெளியேறுவது என்று முடிவாயிற்று. தங்குமிடங்கள் உயரத்தை வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டன: கல்பா 2,960 மீட்டர், அடுத்துத் தாபோ 3,280 மீட்டர், பின்னர் ஏறத்தாழ 3,700 மீட்டரில் உள்ள காஸாவில் ஓர் இரவுக்கு மேற்பட்ட தங்கல், அதன் பிறகே சந்திரதால். கல்பாவுக்கும் தாபோவுக்கும் நடுவில் உள்ள நாகோ கிராமத்தில் தங்க வேண்டும் என்று ஒருவர் மிகவும் விரும்பினார். ஆனால் அது 3,600 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஒரே நாளில் ஏற்றம் 500 மீட்டரைத் தாண்டிவிடும் என்று கணக்கிட்டு, அங்குத் தேநீர் அருந்திவிட்டுக் கீழிறங்கித் தாபோவில் உறங்குவது என்று திருத்தப்பட்டது. 996இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தின் மண்சுவர்களுக்கு அருகே ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் பேறு அத்திருத்தத்தால் கிடைத்தது. இவ்வழியின் கின்னௌர்ப் பகுதியும் அச்சம் தராத ஒன்றன்று. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரி அருகே நிகழ்ந்த நிலச்சரிவில் பேருந்து ஒன்றும் பிற வண்டிகளும் புதைந்து 25க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். ஆகவே மழை பெய்யும் நாளில் அப்பகுதியில் ஓட்டுவதில்லை என்றும், சரிவுப் பகுதிகளில் படம் எடுப்பதற்காக நிறுத்துவதில்லை என்றும் எழுதப்பட்டது.

மாதத்தைத் தேர்வதிலும் இதே போன்ற கணக்கு இருந்தது. ஜூலை, ஆகஸ்டில் பனியுருகலும் மழையும் சேர்ந்து ஓடைகளைப் பெருக்கும். அக்டோபரில் குன்சும் கணவாய் எந்த நாளும் பனியால் மூடிக்கொள்ளலாம். இடைப்பட்ட செப்டம்பரே பொருத்தமாகத் தோன்றினாலும், 2018இல் அதே மாதத்தின் பிற்பகுதியில் லாஹௌல்–ஸ்பிதியில் எதிர்பாராத கடும் பனிப்பொழிவு ஏற்பட்டு, நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரை வரவழைக்கப்பட்டதைச் சுபேதார் நினைவூட்டினார். செப்டம்பரின் முதற்பாதிக்குள் கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்பது அதனால் அசையாத விதியாயிற்று.

வண்டிகளைப் பற்றிய பேச்சில்தான் குழுவினரின் மனம் அதிகம் நொந்தது. ஒருவரிடம் 2003இல் பதிவான மாருதி ஜிப்சி இருந்தது, அதன் ஒவ்வோர் ஆணியும் அவர் கைபட்டது, எஸ்.ஜே.பி. சாலையிலும் சிவாஜிநகர் குஜிரி சந்தையிலும் பல ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு உதிரிபாகம் தேடிச் சேர்த்து வளர்த்த வண்டி அது. ஆனால் பெங்களூரிலிருந்து ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியே வடக்கு நோக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தில்லித் தலைநகர வட்டாரத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அங்கு 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்திருந்தது. சுற்றுவழிகள் ஆராயப்பட்டு, அவை பயணத்தை வீணே நீட்டும் என்பதால் கைவிடப்பட்டன. அவ்வண்டி வீட்டிலேயே நின்றது. அதற்கு மாற்றாக வயது குறைந்த வேறொரு ஜிப்சியும், 2020இல் வெளிவந்த புதிய வடிவத்தைச் சேர்ந்த டீசல் மஹிந்திரா தார் ஒன்றும் தேர்வாயின. இரண்டு வண்டிகள் என்பது ஆடம்பரமன்று. ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்க வேண்டும் என்பதால் தனி வண்டியில் இத்தகைய தடங்களுக்குச் செல்லலாகாது என்பது, கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோர் யாவரும் ஏற்கும் விதி.

இவ்விரு வண்டிகளிலும் இயந்திரத்தின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் துணைப் பற்சக்கரப் பெட்டி உண்டு. அதில் '4எச்' என்ற நிலை சாதாரண வேகத்துக்கும், '4எல்' என்ற நிலை மிகக் குறைந்த வேகத்தில் மிகுந்த இழுவிசைக்கும் உரியவை. முன்சக்கர அச்சையும் பின்சக்கர அச்சையும் ஒரே வேகத்தில் பிணைக்கும் அமைப்பு ஆதலால், வழுக்காத தார்ச்சாலையில் இந்நிலைகளைப் பயன்படுத்தித் திரும்பினால் பற்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும். மண்ணிலும் கல்லிலும் பனியிலும் மட்டுமே அவற்றைக் கையாள வேண்டும். டயரின் காற்றழுத்தம் இன்னொரு நுட்பம். கற்பாதையில் அழுத்தத்தைக் குறைத்தால் டயர் விரிந்து அதிகப் பரப்பில் பிடிக்கும், குலுக்கலும் குறையும். தார்ச்சாலைக்கு வந்ததும் சிறு கம்ப்ரசரால் மீண்டும் நிரப்ப வேண்டும். ஏறத்தாழ 920 மீட்டர் உயரமுள்ள பெங்களூரில் காற்றடித்த டயர், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்த 4,500 மீட்டர் உயரத்தில் அளவுமானியில் 4 முதல் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆனால் குளிர் டயருக்குள் இருக்கும் காற்றைச் சுருக்குவதால் அக்கூடுதலில் பெரும்பகுதி அதிகாலையில் மறைந்துவிடும். இதனால் அளவெடுப்பது எப்போதும் புறப்படுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே என்று வகுக்கப்பட்டது. மித வெப்பநிலைக்குப் பழகிய பெங்களூரில் பழைய வண்டிகளின் ரேடியேட்டரில் வெறுந்தண்ணீர் ஊற்றி ஓட்டுவோர் உண்டு. உறைநிலைக்குக் கீழே அத்தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து இயந்திரத்தையே பிளக்கும் என்பதால், எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் சரிபாதி விகிதத்தில் நிரப்பப்பட்டது.

பயணத்துக்கு முன் ஒத்திகை பார்க்க, மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சக்லேஷ்பூர் தேர்வாயிற்று. அம்மலையின் காட்டுத் தடங்களில் விருப்பம்போல் வண்டியோட்டிக் கூடாரமடிக்கலாம் என்ற எண்ணம் நகரத்தில் பரவலாக இருக்கிறது. அது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பானது. ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி நுழைவதைக் கர்நாடக வனச் சட்டம் 1963உம், சரணாலயங்களில் நுழைவதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972உம் தடுக்கின்றன. அங்குள்ள புல்வெளிச் சரிவுகளும் சோலைக்காடுகளும் ஆறுகளின் பிறப்பிடங்கள். ஒரு மழைக்காலத்தில் டயர் கிழித்த தடம் அடுத்த மழையில் ஓடையாகிப் புல்வேரை அரித்துவிடும். ஆகவே தெரிந்த ஒருவரின் காப்பித் தோட்டத்தில், அவரது இசைவோடு, தோட்டத்துக்குள்ளேயே உள்ள வண்டிப்பாதையில் ஜூலை மழையில் ஒத்திகை நடந்தது. சேற்றில் வேண்டுமென்றே வண்டியை இறக்கி, அகன்ற இழுவைப் பட்டையையும் ஷாக்கிள் எனப்படும் வளைய இணைப்பையும் கொண்டு இழுத்துப் பழகினர். இழுக்கும்போது பட்டை அறுந்தால் இரும்பு இணைப்பு எறிபடை போலப் பாயக்கூடும் என்பதால், ஓட்டுநர் தவிர மற்றவர்கள் பட்டையின் நீளத்துக்கும் அப்பால் விலகி நிற்பது பழக்கமாக்கப்பட்டது. அட்டைக்கடியும் நனைந்த கூடாரமும் தூக்கமற்ற இரவும் சேர்ந்து, யார் களைத்தால் சினப்படுவார், யார் களைத்தும் அமைதியாக இருப்பார் என்பதையும் காட்டிக்கொடுத்தன. வண்டியோட்டும் முறை அமைக்கும்போது அந்த அறிவே மிகவும் உதவியது என்பது கட்டுரையாளரின் கருத்து.

சுபேதார் வலியுறுத்திய நேரக்கணக்கு, நீரோடைகளைப் பொறுத்ததாகும். நாலா என்று அங்குள்ளோர் அழைக்கும் இவ்வோடைகள் மேலேயுள்ள பனியாறுகள் உருகி வருபவை. இரவுக் குளிரில் உருகல் தணிவதால் விடியற்காலையில் நீர் குறைந்து, பகல் வெயில் ஏற ஏறப் பெருகி, காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை பிற்பகலில் முழங்காலைத் தாண்டி இழுக்கும். இதை ஒட்டி வகுக்கப்பட்ட விதிகள் எளியவை: சந்திரதாலிலிருந்து முதல் வெளிச்சத்தில் புறப்படுதல், நண்பகலுக்குப் பின் எந்த ஓடையையும் கடக்கத் தொடங்காதிருத்தல், நீரின் வேகமும் அடித்தளக் கல்லும் கண்ணுக்குப் புலப்படாவிட்டால், உள்ளூர் வண்டி ஒன்று கடப்பதைப் பார்த்த பின்னரே இறங்குதல், நேரம் தவறிவிட்டால் பட்டாலிலேயே இரவு தங்குதல். இவ்விதிகளை மாற்றும் உரிமை வழியில் எவருக்கும் இல்லை என்றும் எழுதப்பட்டது. உற்சாகமும் களைப்பும் கலந்த நிலையில் ஓடைக்கரையில் நின்று எடுக்கப்படும் முடிவைவிட, அல்சூர் மொட்டைமாடியில் காப்பி அருந்திக்கொண்டு எடுத்த முடிவு நம்பத்தக்கது என்பதில் குழுவினர் ஒத்த கருத்துடையவராயிருந்தனர்.

எரிபொருளும் உணவும் விரைவில் முடிந்த விவாதங்கள். காஸாவில் பெட்ரோல் நிலையம் உண்டு. அதற்குப் பிறகு மணாலி வரை, சந்திரதால் கிளைப்பாதையையும் சேர்த்து ஏறத்தாழ 230 கி.மீ. தொலைவுக்கு அப்போது வேறு நிலையம் இல்லை. 40 லிட்டர் கொள்ளளவுள்ள ஜிப்சிக்கு அது இறுக்கமான கணக்கு என்பதால், கூடாரங்களும் சமையற்பொருளும் தாருக்கு மாற்றப்பட்டு ஜிப்சியின் பாரம் குறைக்கப்பட்டது. சந்திரதாலின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேகா. ஆகவே எவ்வளவு இடம் பிடித்தாலும் பிரஷர் குக்கர் உடன்வர வேண்டும் என்று குழுவிலிருந்த பெண்கள் இருவர் வற்புறுத்தியது முற்றிலும் சரியானது. அவசர வேளைக்கு அவலும், வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சலும், பருப்புப் பொடியும் எடுத்துவைக்கப்பட்டன.

தொடர்பு பற்றிய கேள்விக்கு எளிய விடை இல்லை. குன்சும் கணவாய்க்கு முன்னுள்ள லோசருக்கும் கிராம்ஃபூவை அடுத்த கோக்சருக்கும் இடையே கைப்பேசி அலை கிடைக்காது என்று எண்ணியே திட்டமிட வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். எனவே பெங்களூரிலேயே தங்கும் நண்பர் ஒருவரிடம் நாள்வாரி அட்டவணை கொடுக்கப்பட்டது. குறித்த நாள் இரவுக்குள் மணாலியிலிருந்து செய்தி வராவிட்டால் மறுநாள் காலையில் எந்த எண்ணுக்கு, எந்த வரிசையில் பேச வேண்டும் என்பதும் அதில் இருந்தது. தரவிறக்கிய வரைபடங்களோடு அச்சு வரைபடமும் உடன்சென்றது. இங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை: இமயச் சிகரங்களை அளந்த பெரும் முக்கோண அளவைப் பணி 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு இட்டுத் தொடங்கியது, அதற்கு முன்னரே 1800இல் வில்லியம் லாம்டன் பெங்களூருக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்திருந்தார். அதே பெங்களூரில் அமர்ந்து இமய வரைபடத்தை விரித்தபோது, அளவுகோல் பிடித்து வெயிலில் நடந்த பெயர் தெரியாத தென்னாட்டு ஊழியர்களை நன்றியோடு எண்ணாதிருக்க இயலவில்லை.

சந்திரதாலில் கூடாரமடிப்பது பற்றியும் தெளிவு தேவைப்பட்டது. 2005இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரியின் கரையில் கூடாரத்துக்கு இடமில்லை. தங்கல்கள் சற்றுத் தொலைவில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் அமைய வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசித் தொலைவை நடந்தே சேர வேண்டும். குளிர்ந்த உயர்நிலத்தில் குப்பை மக்குவதற்கு மிக நீண்ட காலமாகும் என்பதால், எடுத்துச் சென்ற உறை ஒவ்வொன்றும் எண்ணித் திரும்பக் கொண்டுவரப்பட்டது. ஏரிக்கரையிலேயே விடியலைக் காண வேண்டும் என்ற ஆசை குழுவில் சிலருக்கு வலுவாக இருந்தது உண்மை. ஆயினும் அந்நிலத்தைக் காப்பது அவ்வாசையினும் பெரிது என்பதில் கட்டுரையாளருக்கு அன்றும் இன்றும் ஐயமில்லை.

பயணம் பெரிதும் எழுதியவாறே நடந்தேறியது. காஸாவில் ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டபோது, அட்டவணையில் ஒதுக்கியிருந்த மிகைநாள் பயன்பட்டது. எவரும் அதை இழப்பாகக் கருதவில்லை. சந்திரதாலிலிருந்து திரும்பிய காலையில் ஓடைகள் அடக்கமாகவே இருந்தன. கிராம்ஃபூவிலிருந்து கோக்சர் வழியே, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபுறம் குலு பள்ளத்தாக்கின் பசுமையில் வெளிவந்தபோது, சுரங்கத்துக்கு முன் மலையைக் கடக்கும் வழியாயிருந்த ரோதாங் கணவாயில் முன்னாட்களில் பனியை வெட்டி வழி திறந்தவர்களைப் பற்றிச் சுபேதார் சொன்னவை குழுவினருக்கு நினைவுக்கு வந்தன. மணாலியில் அலை கிடைத்ததும் முதல் அழைப்பு பெங்களூர் நண்பருக்கு, அடுத்தது சுபேதாருக்கு.

குறிப்பேடு அதோடு மூடப்படவில்லை. 2023 ஜூலையில் கடும் மழையும் பருவம் தப்பிய பனிப்பொழிவும் சந்திரதாலில் ஏறத்தாழ முந்நூறு பேரைச் சிறைப்படுத்தின; காஸா, லோசர் பக்கத்திலிருந்து பனியை அகற்றிக்கொண்டு முன்னேறிய மீட்புக் குழுவினரும் உள்ளூர் மக்களும் அவர்களைப் பல நாட்களுக்குப் பின் வெளிக்கொணர்ந்தனர். அச்செய்திக்குப் பின் அல்சூரில் கூடிய குழுவினர், வேறு நண்பர்களுக்குக் கொடுக்கவிருந்த திட்டத்தின் நகலைத் திருத்தினர்: ஏரிப்பகுதிக்கான உணவும் மருந்தும் இருமடங்காக்கப்பட்டன, ஜூலையில் செல்லும் தேர்வு நீக்கப்பட்டது, குன்சும் ஏறுவதற்கு முன் லோசரில் வண்டியை நிறுத்தி, முந்தைய நாள் மறுபுறத்திலிருந்து வந்தவர் எவரேனும் உண்டா என்று ஊராரிடம் கேட்க வேண்டும் என்ற வரி, திரும்பும் நேரத்தைக் குறித்த வரிக்கு அடுத்ததாக முதல் பக்கத்தில் சேர்க்கப்பட்டது.